தண்ணி கேட்ட தமிழ்

வாரியப்பொல
1 பெப்ரவரி 2007

புஷ்பம்,

இந்தக் கடிதத்தைக் குருநாகலுக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் தபாலில் போடுவேன். எங்கள் ஊர்த் தபால்காரருக்கு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. உள்ளே இருப்பது தமிழ் என்று தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். டெலிபோனிலும் உன்னோடு தமிழ் கதைக்க முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம், செத்துப்போன என் மனுசனின் தம்பி சோமபால குடியிருக்கிறார். அவருக்குக் காது நல்லது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் மகன் அசேல இராணுவத்தில் சேர்ந்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. சோமபாலதான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்திருக்கிறார். சீருடையோடு வந்து வாசலில் நின்று சிரித்தான். நான் கையில் மாவோடு நின்றேன். அவனை அடிக்கவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

மற்றவர்கள் வாயால் நீ இதைக் கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். சிங்களப் பேக்கரிக்காரனின் மகளாக மானிப்பாயில் ஒரே வாங்கில் உன்னோடு இருந்து படித்தவள் நான். கலவரத்தில் அப்பா பேக்கரியைப் பூட்டிவிட்டு எங்களை லொறியில் ஏற்றிய அன்று, உன் அம்மா தெருவுக்கு ஓடிவந்து தண்ணீர்ப் போத்தல் தந்தவ. அதை நான் மறக்கவில்லை. நீ என்னை வெறுத்தாலும் ஒரு பதில் போட்டுவிட்டு வெறு.

பியசீலி

*

சென்ட் லோரன்ட், மொன்றியல்
4 மார்ச் 2007

பியசீலி,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குப்பைக்குள் போட்டேன். பேந்து எடுத்தேன். தேயிலைச் சக்கை ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன். உனக்கு மரியாதை செய்வதற்காக இல்லை. திரும்ப ஒருமுறை வாசித்துத் திட்டுவதற்காக.

எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலத்தில் உன் வீட்டுக்கு வந்து தங்கினேனே, அப்போது அந்தப் பிள்ளைதான் எனக்கு முதலை வடிவில் கிம்புலா பனிஸ் சுட்டுத் தந்தவன். சூட்டுத் தட்டம் பட்டு முழங்கைக்குக் கீழே நீளமாக வெந்துவிட்டது. நான்தான் பற்பசை பூசினேன். அந்தக் கையிலே இப்போது துவக்கா? யாரைச் சுடுவதற்கு? கிளிநொச்சியில் என் தங்கை தாட்சாயினி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அவளையா?

நான் இங்கே மருந்துத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று மாத்திரைப் பெட்டி அடுக்குகிறவள். பக்கத்தில் நிற்கிற ஹெயிட்டிக்காரி 'ஏன் முகம் இப்படி?' என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் 'சிநேகிதியின் மகன் ஆமி' என்றேன். அவள் 'ஆ, போன்' என்று சந்தோசப்பட்டாள். பிரெஞ்சில் ஆமி என்றால் சிநேகிதன். அவளுக்கு எதை எப்படி விளங்கப்படுத்துவது?

என் மனுசன் இரவிச்சந்திரன் இதைக் கேட்டால் உன் பெயரையே இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்பார். அவர் இங்கே புலிகள் இயக்கத்து மண்டபத்தில் மைக் செற் போடுகிறவர். ஊரில் தேங்காய் உரிக்கக்கூடத் துணியாத மனிதர், இங்கே வந்து தளபதி மாதிரிக் கதைக்கிறார். அது வேறு கதை.

ஒன்று மட்டும் செய். உன் மகனுக்குத் தமிழ் படிப்பி. எங்கள் சனம் சாகிற நேரத்தில் என்ன சொல்லிச் சாகிறது என்றாவது அவனுக்கு விளங்கட்டும்.

புஷ்பவதி

*

வாரியப்பொல
19 ஓகஸ்ட் 2007

புஷ்பம்,

நீ கோபத்தில் சொன்னாய். நான் அதைப் புத்தியாக எடுத்துக்கொண்டேன்.

அசேல லீவில் வந்தான். காலையில் மா குழைக்கிற நேரம் அவனைப் பக்கத்தில் இருத்திப் படிப்பித்தேன். எழுத்து இல்லை, பேச்சு மட்டும். ரேடியோத் தமிழும் படிப்பிக்கவில்லை. அப்படிக் கேட்டால் ஆமிக்காரன் என்று உடனே தெரிந்துவிடும். வீட்டுத் தமிழில் கேட்டால் இவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்று நினைப்பார்கள், இல்லையா? மானிப்பாயில் நீயும் நானும் கதைத்த தமிழையே கொடுத்தேன். அண்ணை, அக்கா, தாங்கோ, இருங்கோ. காயம்பட்டுக் கிடந்தால் என்ன கேட்க வேண்டும், பிடிபட்டால் என்ன சொல்ல வேண்டும். 'அம்மாவாணை' என்று சத்தியம் பண்ணப் பழக்கினேன். அம்மா பேரில் சத்தியம் பண்ணுகிறவனை யாழ்ப்பாணத்தார் அடிக்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவனுக்கு நாக்கு நன்றாக வளைகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உன் வீட்டுக்குப் பக்கத்துப் பொடியன் என்றே நினைப்பாய்.

போகிற அன்று புத்தர் பன்சலையில் தேரர் எல்லாப் பொடியன்களுக்கும் பிரித் ஓதிக் காப்பு நூல் கட்டினார். பிறகு துவக்குகளுக்கும் பிரித் தண்ணீர் தெளித்தார். கொலை செய்யாதே என்று காலையில் சொன்ன அதே வாய், புஷ்பம். எல்லோரும் சாது சாது என்றார்கள். நான் இருமுவது மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன்.

நூலை நான் நம்பவில்லை. நான் கொடுத்த தமிழைத்தான் நம்புகிறேன். உன் தங்கைக்குப் பக்கத்தில் அவன் போகாமல் இருக்கட்டும். போனால் அக்கா என்றாவது கூப்பிடட்டும்.

பியசீலி

*

வாரியப்பொல
9 நவம்பர் 2008

புஷ்பம்,

ஒரு வருடத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எழுத வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன். இப்போது வேறு வழியில்லை.

அசேலவைக் காணவில்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சண்டையில் பின்வாங்கியபோது வந்து சேரவில்லையாம். அலுவலகத்துக்குப் போனால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைக்கூடத் தூக்குவதில்லை. 'காணாமல் போனவர்' என்று சிங்களத்தில் ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். அங்கே வரிசையில் நின்ற தாய்மாரில் ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள், சிலரை உயிரோடு பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

உன் மனுசன் இயக்கத்து ஆட்களோடு இருக்கிறவர். ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா? அவன் உயிரோடு இருக்கிறானா, அவ்வளவும் போதும். விடச்சொல்லி நான் கேட்கவில்லை. என் நாட்டிலே எனக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல், உன்னிடம் கேட்கிறேன். இதை எழுத எனக்கே கேவலமாக இருக்கிறது.

பியசீலி

*

சென்ட் லோரன்ட்
14 டிசம்பர் 2008

பியசீலி,

முதலில் இதை வாசி. மற்றதெல்லாம் பேந்து. அசேலவை நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். உயிரோடு இருந்தான்.

உன் கடிதம் வந்த அன்றே இவரிடம் கேட்டேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "சிங்களத்தியின்ரை பெடியனைத் தேடுறதோ எங்களுக்கு வேலை? உனக்கு வெக்கமில்லையே?" என்றார். வெட்கம் இருந்தது, ஆனால் அவரை நினைத்துத்தான். அதோடு விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படம் போட்டார்கள். வன்னியிலிருந்து புது டிஸ்க் வந்திருக்கிறது என்று டெபனர் என்கிற மூலைக்கடைக் கண்ணாடியில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வடைக்குப் பருப்பு ஊறப்போட்டு அரைத்தது நான்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அது என் வேலை. வெளியே பனி முழங்கால் மட்டும் கிடந்தது, உள்ளே நல்ல சூடு, சனம் நிறைந்து வழிந்தது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதலில் பாட்டு, பிறகு பீரங்கி. பிறகு பிடிபட்டவன் என்று ஒருவனைக் காட்டினார்கள். கை பின்னால் கட்டி, முழங்காலில் இருத்தி. திரும்பியபோது கையில் அந்தத் தழும்பு. நான் பற்பசை பூசிய தழும்பு.

அவன் பேசினான். "அம்மாவாணை நான் ஒண்டும் செய்யேல்லை. தண்ணி கொஞ்சம் தாங்கோ அக்கா." அப்படியே உன் குரல். சின்ன வயதில் எங்கள் கிணற்றடியில் நின்று தண்ணீர் கேட்பாயே, அதே இழுவை.

மண்டபம் சிரித்தது, பியசீலி. "பாருங்கோடா, எங்கடை தமிழ் கதைக்கிறான்!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு முன்னால் இருந்த விமலநாதன், இங்கே பெரிய ஆள், வடையைக் கடித்துக்கொண்டு திரும்பிச் சொன்னார்: "இவன் சும்மா ஆமிக்காரன் இல்லை. புலனாய்வு. இப்பிடிக் கதைக்கப் பழக்கித்தான் அனுப்புறவங்கள். இவனைச் சும்மா விடக்கூடாது." அவர் வாயோரத்தில் நான் அரைத்த பருப்பு ஒட்டியிருந்தது. எழும்பிப் போய்க் கழிப்பறையில் சத்தி எடுத்தேன். வெளியே வந்தபோது படம் முடிந்து பைலாப் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

சாகிறவர்களின் பேச்சு விளங்கட்டும் என்று நான்தானே உனக்கு எழுதினேன். விளங்கத்தான் செய்தது, இந்த மண்டபம் முழுக்க விளங்கியது. விளங்கிச் சிரித்தார்கள்.

படம் எடுத்த அன்று இருந்தான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இல்லாத நம்பிக்கையை எழுத மாட்டேன்.

புஷ்பம்

*

வாரியப்பொல
10 ஜனவரி 2009

புஷ்பம்,

இருந்தான் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு பேக்கரி அடுப்பை அணைய விட்டுவிட்டேன். இன்றைக்கு ஊருக்குப் பாண் இல்லை. தின்னாமல் இருக்கட்டும்.

மற்றதையும் வாசித்தேன். அவர்கள் சிரித்ததை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, எழுதியதுதான் சரி. சோமபாலவும் கூட்டாளிகளும் டிவியில் செத்த தமிழ்ப் பிள்ளைகளைக் காட்டினால் கை தட்டுகிறார்கள். பெண் பிள்ளைகளைக் காட்டினால் சொல்லக்கூடாததைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் தேநீர் கொண்டு போய் வைக்கிறேன். நீ வடை, நான் தேநீர்.

எனக்கு அந்தக் குரல் வேண்டும். படம் வேண்டாம், பார்க்க மாட்டேன். குரலை மட்டும் ஒரு கசெற்றில் பிடித்து அனுப்பு. இங்கே டிஸ்க் பிடிபட்டால் என்னைக் கொண்டு போய்விடுவார்கள். கசெற் என்றால் பிரித் கசெற் என்று சொல்லுவேன். அதை அலுவலகத்தில் கொடுத்தால், சண்டைக்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்ததற்கு அத்தாட்சி. செஞ்சிலுவைச் சங்கத்திடம் கேட்க வைக்கலாம். ஒரு தாயின் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்.

பியசீலி

*

சென்ட் லோரன்ட்
8 பெப்ரவரி 2009

பியசீலி,

கசெற் இதோடு வருகிறது. மேலே சுற்றியிருப்பது என் பழைய பாவாடைத் துணி.

டிஸ்க்கை டெபனரில் வாங்கினேன். பனிஸ், பால், அதற்குப் பக்கத்தில் அது. கடைக்காரப் பொடியன் "மெர்சி அக்கா" என்று சிரித்தான். டிவிக்கு முன்னால் ரேப் ரெக்கோடரைப் பிடித்துப் பதிந்தேன். பின்னால் ஒரு கொட்டு அடிக்கிறார்கள், அறிவிப்பாளன் ஒருவன் இடையில் நக்கலாக ஏதோ சொல்கிறான், அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அசேலவின் குரல் சின்னத் துண்டுதான். அவன் தண்ணி கேட்டு முடிந்த கையோடு படத்தை வெட்டி அணிவகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

இவருக்குத் தெரிந்துவிட்டது. "எங்கடை சனம் அங்கை செத்துக்கொண்டிருக்கு, நீ ஆமிக்காரனுக்குப் பாட்டுப் பதியிறியோ துரோகி" என்றார். எங்கள் சனம் சாவது எனக்குத் தெரியாதா? தாட்சாயினி கடைசியாகப் போன் எடுத்தது தைப்பொங்கலுக்கு முன்னால். பின்னால் செல் விழுகிற சத்தம் கேட்டது. "அக்கா, எங்களைப் போக விடுகினமில்லை" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, இயக்கம்தான். அதை இவரிடம் சொன்னேன். "போனிலை அப்பிடிக் கதைக்கக்கூடாது" என்று எனக்குப் புத்தி சொன்னார்! சீ. இப்போது நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார், பேச்சு இல்லை. மண்டபத்துக்கு வடையும் இல்லை.

புஷ்பம்

*

வாரியப்பொல
20 ஏப்ரல் 2009

புஷ்பம்,

கசெற் வந்தது. பிறகு போனது.

ரேடியோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பேக்கரி மூலையில் இருந்து கேட்டேன். எத்தனை தரம் என்று கேட்காதே. மனப்பாடம். பிறகு நல்ல சேலை உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை பெரிய அதிகாரியிடமே விட்டார்கள். கசெற்றைப் போட்டார். கேட்டார். நிறுத்தினார். பல் குத்திக்கொண்டே சொன்னார், "இது தமிழன், அம்மே. எங்கட ஆளாக இருந்தால் சிங்களத்தில் அழுவான்."

என் மகன்தான் என்றேன். நான்தான் படிப்பித்தேன் என்றேன். அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு ஏன் தமிழ் தெரியும்? யார் இதை அனுப்பியது?" கசெற்றை உறையில் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு குரலை இனிப்பாக்கிக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். இந்தக் குரல் அசேல இல்லையென்றால் அவன் போர்க்களத்தில் செத்த வீரன். இந்தக் குரல் அசேல என்றால், இவ்வளவு தமிழ் கதைக்கிறவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவன். "செத்த வீரனின் தாயா, உயிரோடு இருக்கிற துரோகியின் தாயா, எது வேணும் என்று வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு இந்த மரணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கோ."

நான் கொடுத்த தமிழ் என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று நினைத்தேன், புஷ்பம். உங்கள் பக்கம் அதைக் கேட்டு உளவாளி என்றார்கள். எங்கள் பக்கம் அதைக் கேட்டுத் தமிழன் என்றார்கள். அவன் கெட்ட தமிழில் தப்புத் தப்பாகக் கேட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். நான் நன்றாகப் படிப்பித்துவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்து அந்த மதில் ஓரமாகக் காறித் துப்பினேன். நான் வாழ்நாளில் தெருவில் துப்பியவள் இல்லை.

பியசீலி

*

சென்ட் லோரன்ட்
7 ஜூன் 2009

பியசீலி,

உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தாட்சாயினி வவுனியாவில் முள்ளுக்கம்பி முகாமில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளோடு வெளிக்கிட்டவள் ஒன்றோடு நிற்கிறாள். மற்றதை எங்கே வைத்துவிட்டு வந்தாள் என்று சொல்கிறாள் இல்லை.

இங்கே ஏப்ரல் முழுக்க வேலைக்குப் போகாமல் தெருவில் நின்றோம். கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், ஆதரவுக்கா எரிச்சலுக்கா என்று தெரியாது. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று உலகம் முழுக்கச் சொன்ன பிறகும் மண்டபத்தில் "பொய்ச் செய்தி, நம்பாதேங்கோ" என்று மைக்கில் கத்தினார்கள். மைக் போட்டது யார்? இவர்தான். அடுத்த கிழமை அதே ஆட்கள் மண்டபத்துப் பூட்டின் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்று ஆளுக்காள் சட்டையைப் பிடித்தார்கள். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கேட்டு வாங்கிய வாய்கள், கடைசியில் ஒரு திறப்புக்குச் சண்டை போட்டன. விமலநாதன் இப்போது பெருமாள் கோயில் சபையில் இருக்கிறாராம். நெற்றி நிறைய நாமம்.

உன் மகனைப் பற்றி முகாமில் விசாரி என்று தாட்சாயினியிடம் சொல்ல என்னால் முடியாது. நீயும் கேட்காதே. அவள் கேட்ட ஒரே கேள்வி, "ஆமிக்காரங்கள் சோத்துப் பாசல் எறியிறாங்கள், தின்னலாமோ அக்கா?" தின்னடி என்றேன்.

உனக்கு எழுதுவதை நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தினால் காரணம் நீ இல்லை.

புஷ்பம்

*

வாரியப்பொல
15 ஓகஸ்ட் 2009

புஷ்பம்,

தாட்சாயினியோடு திரும்பி வராத பிள்ளையின் பெயர் என்ன? பன்சலையில் தானம் கொடுக்கும்போது சொல்ல வேண்டும். தேரருக்கு முன்னால் தமிழ்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லுவேன். பார்ப்போம், என்ன செய்கிறார் என்று.

வைகாசியில் இங்கே நடந்ததை நான் எழுதாமல் இருந்தேன். சந்தியில் பட்டாசு, கொடி, பெரிய அண்டாவில் கிரிபத். மரண வீட்டுக்குப் போகிற பெண்களே வந்து தேங்காய் துருவினார்கள். வருசப் பிறப்புக்கும் நல்ல காரியத்துக்கும் பொங்குகிற பாற்சோறு. எனக்கும் ஒரு தட்டத்தில் வெட்டிக் கொண்டுவந்து வைத்து, "உங்கட மகனால்தான் இன்றைக்கு இது" என்றார்கள். நாய்க்குப் போட்டேன். நாய் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. அதற்கும் ஒரு அடி கொடுத்தேன், பாவம்.

பிறகு பஸ் தரிப்பு. உனக்குத் தெரியும், இங்கே செத்த சிப்பாய்க்கு ஊரில் பஸ் தரிப்பு கட்டி அவன் பெயரைப் பொறிப்பார்கள். அசேலவுக்கும் கட்டிவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை என்று சோமபால போட்டுக்கொடுத்துவிட்டார், தகப்பன் இடத்தில் நின்று. பிரதேச சபையிலிருந்து ஒருவர் வந்து நாடாவை வெட்டினார். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். அசேலவின் படத்தைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் வரைந்திருந்தார்கள், மீசை வைத்து. என் பிள்ளைக்கு மீசை வரவே இல்லை.

நான் இப்போது பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கிறேன். மழை வந்தாலும் வெளியேதான். உள்ளே வாங்கோ அம்மே என்று கூப்பிடுகிறார்கள். அதற்குள் போனால் அவன் செத்துவிட்டான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. போக மாட்டேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அந்தக் கசெற்றில் அசேல தண்ணி கேட்டு முடிந்ததும் படத்தை வெட்டிவிடுகிறார்கள் என்று எழுதினாயே. இல்லை. வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு குரல் இருக்கிறது. கொட்டுச் சத்தத்துக்குக் கீழே. ஒரு பெண் பிள்ளையின் குரல். அவன் "தாங்கோ அக்கா" என்றதும் அவள் சொல்கிறாள், "பொறு தம்பி, எடுத்துக்கொண்டு வாறன்." நீ கோபத்தில் இருந்தாய், அதனால் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு மூச்சையும் கேட்டேன்.

அவள் சின்னப் பெண். இருபது இருக்கும். தொண்டை கட்டியிருந்தது. அவளும் இப்போது இருக்கிறாளோ தெரியாது. என் பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட்ட கடைசி ஆள் அவள். அவளுக்கும் ஒரு தாய் எங்கேயோ இருப்பாள், புஷ்பம், குரலுக்கு ஏங்கிக்கொண்டு. என் பிள்ளையின் குரலை நான் கேட்டுவிட்டேன். அவள் கேட்கவில்லை. உன்னிடம் டிஸ்க் இருக்கிறது. உங்கள் மண்டபத்தில் தேடு. அவள் தாயைத் தேடிப் போட்டுக் காட்டு.

பியசீலி

*

சென்ட் லோரன்ட்
6 டிசம்பர் 2009

பியசீலி,

பிள்ளையின் பெயர் மிதுசன். ஏழு வயது. சத்தமாகச் சொல்லு.

உன் கடிதம் வந்த அன்று கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கருமத்தைத் திரும்பப் போட்டேன். காதை டிவியோடு வைத்தேன். இருக்கிறது. நீ சொன்னபடியே இருக்கிறது. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தோம், போராட்டம் போராட்டம் என்று கத்துகிற ஒருவனுக்காவது தன் பிள்ளையின் குரல் கேட்டதா? நான் உட்பட எல்லோருக்கும் காது ஆமிக்காரனிடத்தில் இருந்தது. சிரிக்கிறவனுக்குச் சிரிப்பில், சத்தி எடுக்கிறவளுக்குச் சத்தியில்.

அந்தத் துண்டை மட்டும் புதுக் கசெற்றில் பதிந்தேன். ரேப் ரெக்கோடரை மரக்கறிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். "எங்கடை போராளியின்ரை குரலை ஒரு சிங்களத்தி கேட்டாளெண்டு வீடு வீடாய்க் கொண்டு திரியப்போறியோ?" என்று இவர் கேட்டார். ஓம் என்றேன். மாதக் கணக்கில் அவரோடு நான் பேசிய ஒரே சொல் அது.

முதலில் பியர்பொன்ட்ஸ், மொன்றியலின் மறு மூலை. பஸ்ஸில் பாதி நாள். அங்கே நல்லம்மா என்று ஒருத்தி மகன் வீட்டில் இருக்கிறா. அவவின் மகளை வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கத்தார் பிடித்துக்கொண்டு போனவர்கள். மகன் வேலைக்குப் போய்விட்டான், பேரப்பிள்ளை பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் வைத்துப் போட்டேன். அவ ஒருமுறை கேட்டா. திரும்பப் போடச் சொல்லவில்லை. "என்ரை பிள்ளைதான். சளி பிடிச்சால் அப்பிடித்தான் கதைப்பாள்" என்றா. அழவில்லை. எழும்பிப் போய்க் கார்ட்டூனை நிறுத்திவிட்டு வந்து இருந்தா.

பேந்து எங்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் செபஸ்தியாம்பிள்ளையின் பெண்சாதி. அவவின் மகளையும் அப்படியே கொண்டு போனவர்கள். அவ கேட்டுவிட்டு ரேப் ரெக்கோடரைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இது என்ரை மேரி" என்றா. மூன்றாவதாக ஒருத்தி, இல்லை, என் மகளின் குரல் இப்படி இல்லை என்றாள். சொல்லிவிட்டு, இன்னொருமுறை போடு, யாருடைய பிள்ளையாய் இருந்தாலும் கேட்கலாம் என்றாள்.

நான் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. நல்லம்மாவிடம் செபஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குப் போனதைச் சொல்லவில்லை, அவவிடம் நல்லம்மாவைப் பற்றிச் சொல்லவில்லை. இருவருக்கும் ஆளுக்கொரு கசெற் கொடுத்துவிட்டேன்.

ஆனால் இரண்டு பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். ஒருத்தி உடனே கேட்டா, மற்றவ படிவரைக்கும் வந்து, செருப்பில்லாமல் குளிரில் நின்று கேட்டா. "பிள்ளை, அவள் அந்தப் பெடியனுக்குத் தண்ணி குடுத்தவளோ?"

படம் அதிலேயே வெட்டுப்பட்டுவிடுகிறது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அணிவகுப்புத்தான்.

குடுத்தவள் என்றேன். வயிறு முட்டக் குடிச்சவன், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். இந்த மண்டபத்துக்காரர் சொன்ன பொய்களையெல்லாம் கேட்டு அருவருத்த நான், ஒரு கூச்சமும் இல்லாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

நீயும் அதைத்தானே கேட்க நினைத்தாய்? கேட்கப் பயந்துதான் அவளின் தாயைத் தேடச் சொன்னாய். உன்னை எனக்குத் தெரியாதா, பியசீலி.

குடுத்தவள்.

புஷ்பம்